ஒன்றுக்கும் ஆகாத பொட்டல்

எங்கள் ஊர்க்காரர்களிடம் எதைக் கேட்டாலும் இல்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாடி வைத்து வீடு கட்டி, வாசலுக்குக் கிரானைட் பதித்துவிட்டு, பால் காய்ச்ச அழைக்கும்போது "சும்மா ஒரு கூரை போட்டிருக்கோம், எட்டிப் பாத்துட்டுப் போங்க" என்பார்கள். மக்காச்சோளம் ஏற்றிய லாரி பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு நிற்கும். விளைச்சல் எப்படி என்று கேட்டால் "என்னத்த விளைஞ்சிருக்கு, ஏதோ கோழிக்கு ஆகும்" என்று பதில் வரும். மகள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்திருப்பாள். அப்பன் "ஏதோ படிக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வெளியூர்க்காரர்கள் இதைத் தன்னடக்கம் என்று நினைத்து மெய்சிலிர்த்துப் போவார்கள். தன்னடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கண் பட்டுவிடும் என்ற பயம். அதோடு, கேட்கிறவன் யார், எதற்குக் கேட்கிறான் என்று தெரியாத வரைக்கும் இல்லை என்று சொல்லிவைப்பதுதான் பத்திரம் என்ற முன்யோசனை. வரி போட வந்தவனானாலும் சரி, பெண் கேட்டு வந்தவனானாலும் சரி, எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

இந்த ஒரு பதிலை அஸ்திவாரமாகப் போட்டு எங்கள் ஊரில் சூரிய மின் நிலையமே கட்டிவிட்டார்கள்.

ஊர் என்றால் சோழபுரத்திலிருந்து உள்ளே பிரிந்து போகிற சாலையில் இருக்கும் சின்ன ஊர். நான் ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊராட்சியில் ஒரு வார்டுக்கு உறுப்பினராகவும் இருந்தேன். என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. என் செல்வாக்கு என்று நான் சொல்லிக்கொள்வேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவிளக்கு எரியவில்லை என்று வசவு வாங்க வேறு யாருக்கும் ஆசை இல்லை என்று ஊரில் சொல்வார்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சோலாருக்கு எதிரி இல்லை. எங்கள் தெருவில் முதன்முதலில் மாடியில் தகடு மாட்டியவனே நான்தான். வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏணியில் ஏற்றிக் காட்டினேன்; மாமனார் ஒருமுறை இறங்கத் தெரியாமல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய பொட்டல் கிடக்கிறது. பட்டா நிலம் இல்லை, அரசாங்கத்து நிலம். தாலுகா அலுவலகக் கணக்கில் அதற்குப் பெயர் 'தீர்வை ஏற்படாத தரிசு', அதாவது வரி போடக்கூட லாயக்கில்லாத நிலம். வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் கணக்கு எழுதியவன் யோக்கியன் என்றுதான் தோன்றும். ஐப்பசியில் ரெண்டு மழை விழுந்துவிட்டால் அதே பொட்டல் பச்சையாகப் பொங்கிவிடும். ஓரத்தில் உடைமரங்கள் நிற்கின்றன. அதன் காய் முற்றி நெத்தாக உதிரும் நாளில் ஆடுகளைத் தடுத்து நிறுத்த முடியாது. ஊரில் ஆடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அந்தப் பொட்டல்தான் கதி.

அதில் முக்கியமான ஆள் என் மதினி. அண்ணன் இறந்தபிறகு யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று ரெண்டு வெள்ளாட்டங்குட்டி வாங்கி விட்டார். அது பெருகிப் பெருகி ஒரு மந்தையாகிவிட்டது. மகனைப் பாலிடெக்னிக் படிக்கவைத்ததும், வீட்டுக்கு ஓடு மாற்றியதும், அண்ணன் திதிக்கு எங்கள் யாரிடமும் ஒரு படி அரிசி வாங்காததும் அந்த ஆடுகளால்தான். எம்புட்டு உருப்படி என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். "நாலஞ்சு குட்டி கெடக்கு" என்பார். அவர் பின்னால் தெருவையே அடைத்துக்கொண்டு நாலஞ்சு குட்டி வந்துகொண்டிருக்கும். ஆட்டை எண்ணி வாயால் சொன்னால் மந்தை நிற்காது என்பது ஆடு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. மதினிக்கு அது இன்னும் ஒரு படி அதிகம்.

ஒருநாள் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. தொப்பி போட்ட ரெண்டு இளைஞர்கள் இறங்கிப் பொட்டலுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டார்கள். நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன். நடந்ததைப் பிறகு ஆளாளுக்குப் பெருமையாகச் சொன்னார்கள். இளைஞர்கள் நல்ல பிள்ளைகள். சும்மா அளந்துவிட்டுப் போகாமல், ஊர் மக்களைக் கலந்து கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே கேட்டிருக்கிறார்கள்.

டீக்கடைக்காரர், "அதுவா சார், அது ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றிருக்கிறார். பொட்டலை ஒட்டிப் பருத்தி போட்டிருப்பவர், "பாம்புதான் கெடக்கும், மனுசன் போவானா" என்றிருக்கிறார். அவருடைய நாலு எருமையும் அந்த நேரம் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தன. கடைசியில் எதிரே வந்த மதினியை நிறுத்தி, "இங்க ஆடு மேய்ப்பீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். சுற்றிலும் ஆடு. மதினி யோசிக்கவே இல்லை.

"மேய்க்கதுக்கு இங்க என்ன இருக்கு? நாலஞ்சு குட்டி, வீட்ல கெடந்தா கத்துதேன்னு செத்த நேரம் காத்தாட ஓட்டிட்டு வாரேன்."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வெளியூர்க்காரனிடம் வாயைக் கொடுக்காமல் தப்பித்துவிட்டோம் என்று ஊருக்கே நிம்மதி.

கொஞ்ச நாள் கழித்து ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு தகவல் வந்தது. மேற்படி இடம் சூரிய மின் நிலையத்துக்கு ஏற்றது எனத் தேர்வாகியிருக்கிறது. அந்த இடம் எந்தப் பயன்பாட்டிலும் இல்லை என்று உள்ளூர் மக்கள் ஒருமனதாகத் தெரிவித்திருக்கிறார்கள். நான் 'ஒருமனதாக' என்ற இடத்தில் செத்த நேரம் நின்றுவிட்டேன். எங்கள் ஊர் இதுவரை எதையும் ஒருமனதாகச் சொன்னதில்லை. பங்குனிப் பொங்கலுக்குக் கால் நாட்டும் நாளுக்கே மூன்று கட்சி உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரை ஒரே காலையில் ஒன்றுசேர்த்த அந்தத் தொப்பிக்காரப் பிள்ளைகளுக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் டீக்கடையில் ஒரே கொதிப்பு. "நம்ம பொட்டலப் போயி ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு எவம்லே சொன்னான்?" என்று டீக்கடைக்காரரே மேசையைத் தட்டினார்.

நான் உறுப்பினர் என்ற முறையில் தீர்மானம் போட்டுத் தடுத்துவிடலாம் என்று சட்டையை மடித்துவிட்டேன். மடித்த கை மடித்தபடி நின்றது. அந்த நேரம் பார்த்து எங்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். பாவம், நல்ல மனிதர்தான். எத்தனையோ ஊராட்சிகளை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு வழி கேட்டுக்கொண்டுதான் வந்தார். "மக்கள் சார்பா ஆட்சேபனை பண்ண வேண்டியது மக்கள் பிரதிநிதிங்கதானே, நான் எப்படிப் பண்ண முடியும்?" என்றார். மக்கள் பிரதிநிதி யார் என்று கேட்டேன். "நீங்கதான், ஆனா இப்ப இல்ல" என்றார். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பார்கள், அங்கே வந்து சொல்லுங்கள் என்று அவரே வழியும் சொன்னார். எங்கள் ஊர்ப் பொட்டலைப் பற்றிய கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். சோழபுரம் போய், ராஜபாளையம் பஸ் பிடித்து, அங்கே இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும். ஊரிலேயே வைக்கலாமே என்று கேட்டதற்கு, ஊரில் ஏசி மண்டபம் இல்லையே என்றார்கள். மக்களுடைய வசதிதான் முக்கியமாம்.

அதற்குள் நான் மதினியைத் தயார் பண்ணினேன். ஊரில் மற்றவர்கள் ரெண்டு எருமை, நாலு ஆடு வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு இது கோபம். மதினிக்கு இதுதான் சோறு. அவர் எழுந்து எத்தனை ஆடு என்று வாயைத் திறந்து சொன்னால்தான் அந்த 'ஒருமனதாக' உடையும் என்று எனக்குத் தோன்றியது. மதினி மறுத்துவிட்டார்.

"எண்ணிச் சொன்னா நிக்காது தம்பி. வேற என்னத்த வேணாலும் கேளு, சொல்லுதேன்."

"சொல்லலன்னாலும் நிக்காது மதினி. நிக்கதுக்கு எடம் இருக்காது."

மதினி ஒரு குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்துப் பூவலங்காரம் பிரிக்கப்படாமல் இருந்தது. மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவில் அதிகாரிகள் இருவரும், மின் நிலையம் கட்டப்போகும் கம்பெனியின் மேலாளர் ஒருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அட்சதை போடலாமா என்று எங்கள் ஆள் ஒருவர் கேட்டார். நுழைந்தவுடன் ஆளுக்கு ஒரு பால்கோவா பொட்டலம் கொடுத்தார்கள். எதிர்க்க வந்தவர்கள் அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு எதிர்ப்பதற்கு உட்கார்ந்தார்கள்.

திரையில் எங்கள் ஊர் வரைபடம் தெரிந்தது. கண்மாய் நீலம், வயல் பச்சை, பொட்டல் வெறும் மஞ்சள். சூரிய மின்சாரத்தின் மகிமையை மேலாளர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அரசாங்க விஷயத்தில் எங்கள் ஆட்கள் அத்தனை மரியாதை உள்ளவர்கள்.

முதலில் நான் எழுந்தேன். ராஜபாளையத்தில் மில் கூரைகள் ஏக்கர் கணக்கில் சும்மா காய்கின்றன, அங்கே போடலாமே என்றேன். நல்ல கேள்வி என்று அதிகாரி பாராட்டினார். அது வேறு திட்டம், வேறு அலுவலகம் என்றார். சரி, பொட்டலிலேயே போடுங்கள், ஆனால் பாதியை மேய்ச்சலுக்கு விட்டுவிடுங்கள் என்றேன். அதுவும் நல்ல கேள்விதான் என்றார். நான் கேள்வியே கேட்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

"அந்த எடத்த யாரும் உபயோகிக்கிறதில்லன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?" என்று மேலாளர் எங்களைப் பார்த்துக் கேட்டார். டீக்கடைக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்தார். பருத்திக்காரருக்கு இருமல் வந்தது. தன்னிடம் எருமை இருக்கிறது என்று சபையில் சொல்ல அவருக்கு அப்போதும் மனசு வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் மதினி எழுந்தார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். மைக்கை வாங்கத் தெரியவில்லை, அது தேவைப்படவும் இல்லை.

"எங்கிட்ட அறுபத்தி மூணு ஆடு இருக்கு. பூராவும் அந்தப் பொட்டல்லதான் மேயுது. அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னது பொய். இதான் நெசம்."

எங்கள் ஊர்ப் பெண்கள் பக்கத்திலிருந்து 'அய்யோ' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஒருத்தி பால்கோவாப் பொட்டலத்தாலேயே மதினியைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள். அந்த எண்ணிக்கையை இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

சோபாவில் இருந்த பெரிய அதிகாரி உண்மையிலேயே நல்லவர். அவர் குரல் கனிந்துவிட்டது. "இவ்வளவு ஆட்டையும் ஒத்த ஆளா மேய்க்கிறீங்களாம்மா? பெரிய விஷயம். வெயில் காலத்துல பொட்டல்ல புல் இருக்காதே, அப்ப எங்க ஓட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டார்.

வாழ்நாளில் முதன்முதலாக ஒரு மனிதர் தன் தொழிலைப் பெரிய விஷயம் என்கிறார். அதுவும் சோபாவில் உட்கார்ந்திருப்பவர். ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பழகிவிட்ட வாய், மதினிக்கு அடங்கவில்லை.

"கண்மாய்க்குள்ள ஓட்டுவேன் சார். தண்ணி வத்திட்டுன்னா உள்ள கோரை எம்புட்டு கெடக்கும்ங்கிய! இடுப்பு ஒசரத்துக்கு நிக்கும். என் ஆட்டுக்கெல்லாம் வயிறு அப்பத்தான் பானையா இருக்கும்."

அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். எங்கள் ஊரே கை தட்டியது. திரும்பி வரும் பஸ்ஸில் மதினியை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, ஆளாளுக்குத் தங்கள் பால்கோவாவை அவரிடம் கொடுத்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நான் நம்பினேன். காயில் கட்டுகிறவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

முடிவு வந்தது. கூட்டத்தில் தெரிவித்த கருத்துகள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன. மேய்ச்சல் தேவை உண்மையென்று ஏற்கப்படுகிறது. ஆனால் அருகிலேயே கண்மாயில் செழிப்பான மாற்று மேய்ச்சல் இருப்பதாகக் கால்நடை வளர்ப்போரே தெரிவித்துள்ளதால் நிலையத்துக்குத் தடை இல்லை. ஒன்றுமில்லை என்று சொன்னதற்காக ஒருமுறை எடுத்துக்கொண்டார்கள், இருக்கிறது என்று சொன்னதற்காக மறுமுறை எடுத்துக்கொண்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ரெண்டுமுறையும் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள்.

தாலுகா அலுவலகத்துக்கு நான் ஓடினேன். மழை பெய்து பொட்டல் பச்சையாகும்போது கண்மாயில் தண்ணீர் நிற்கும், கண்மாய் வற்றிக் கோரை நிற்கும்போது பொட்டல் காயும், ரெண்டும் சேர்ந்தால்தான் ஆட்டுக்கு ஒரு வருஷம் என்று விளக்கினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "இதைக் கூட்டத்துல சொல்லியிருக்கணும் சார்" என்றார்.

வேலி போட்டார்கள். நேர்த்தியான வேலி, ஒரு குட்டி நுழைய இடம் இல்லை. தகடுகள் வரிசை வரிசையாக ஏறின. வேலை நேர்த்தியைப் பார்த்து எனக்கே மனசு போனது என்பதையும் மறைக்கவில்லை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிரம்பி மறுகால் போனது. ஊரே தேங்காய் உடைத்துக் கொண்டாடியது. மதினி மட்டும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தார்ச்சாலை ஓரத்திலும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கமும் அலைந்தார். வயலில் வாய் வைத்தது என்று தினம் ஒரு பஞ்சாயத்து. பருத்திக்காரர்தான் அதிகமாகச் சத்தம் போட்டார். நான் பருத்திக்கொட்டையும் தவிடும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன்; அறுபத்து மூன்று வாய்க்கு அது எந்த மூலைக்கு? கார்த்திகை முடிவதற்குள் மதினி வியாபாரியை வரச்சொல்லிவிட்டார். வண்டியில் ஏற்றும்போது திடமாக நின்று ஒவ்வொன்றையும் கைபிடித்து ஏற்றினார். "நான் எண்ணிச் சொன்னேம்லா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். நான் வண்டியின் பின்கதவைச் சாத்திக் கொக்கி மாட்டினேன்.

அடுத்த மழைக்கு மேலாளர் என் கடைக்கு வந்தார். பம்பு மோட்டார் ஒன்றைக் கொடுத்துவிட்டு, போகும்போது கேட்டார்.

"உங்க ஊர்ல செம்மறி வச்சிருக்கிறவங்க யாராவது இருக்காங்களா சார்? தகட்டுக்கு அடியில புல் பயங்கரமா வளந்து கெடக்கு. தகட்டோட கீழ் ஓரத்த மறைச்சு நெழல் விழுது. வெளிநாட்டுல எல்லாம் ஆட்ட விட்டு மேய்க்கிறாங்க. வெள்ளாடு வேண்டாம், அது மேல ஏறும், வயரக் கடிக்கும்."

சிரிப்பதா, அவருடைய மோட்டாரைத் தூக்கித் தெருவில் எறிவதா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் கபடமே இல்லை. அந்த இடத்தில் புல் முளைக்கும் என்பது அவருக்கு உண்மையிலேயே புதுச் செய்தி.

அன்றைக்குச் சாயங்காலம் மதினியிடம் சொன்னேன். கோபப்படுவார், ரெண்டு பேரும் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்துத்தான் போனேன். மதினி கேட்டது வேறு.

"எம்புட்டு ஒசரம் வளந்திருக்காம்?"

"முழங்காலுக்கு மேலன்னு சொன்னான்."

"நெழல் இருக்குல்ல, பொறவு வளராம என்ன செய்யும்? எளம்புல்லா இருக்கும்." மதினி முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "சும்மா போட்டிராம அறுத்து வெளிய போடச் சொல்லு தம்பி. யார் ஆடாவது திங்கட்டும்."

மறுநாளே மேலாளருக்கு போன் பண்ணினேன். நல்ல யோசனை என்றார். வெளியாட்களை உள்ளே விட அனுமதி இல்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே கேட்டார்கள் போலிருக்கிறது. அந்த வாரமே முதுகில் டப்பா கட்டிய ஆட்கள் வந்து உள்ளே களைக்கொல்லி அடித்தார்கள். மருந்து நெடி மேற்குத் தெரு வரைக்கும் வந்தது.

பத்து நாள் கழித்து மதினியை ரேஷன் கடையிலிருந்து பைக்கில் கூட்டிக்கொண்டு வரும் வழியில், வேலி அருகே நிறுத்தச் சொன்னார். நானும் இறங்கினேன். தகடுகள் பளபளவென்று நிற்க, அவற்றுக்கு அடியில் கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரப் புல் மருந்தில் பழுத்துச் சாய்ந்து கிடந்தது. மதினி ஒரு கையால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கொன்னுட்டானுவளே" என்றார். ஆடுகளை வண்டியேற்றிய அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண், அந்தப் புல்லைப் பார்த்து வாய்விட்டு அழுதார். காவலுக்கு இருந்தவர் ஓடிவந்து, கம்பியில் கை வைக்கக் கூடாது என்றார்.